கோப்பிக் காசு: ஊராட்சி மன்றத்தை யார் கண்காணிப்பது?

ஜுருவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ரொட்டி சானாயும் தோசையும் சாப்பிடும் கடை. கூட்டம் அதிகமானதால் கடைக்காரர் அஞ்சடியில் நான்கு மேசைகளைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். ஒரு நாள் அமலாக்க வாகனம் வந்து நிற்கிறது. வந்தவர் சம்மன் புத்தகத்தை வெளியே எடுக்கிறார். ஆனால் உடனே எழுதவில்லை. "மாச்சாம் மானா, போஸ்?" என்கிறார். கடைக்காரருக்குப் புரிந்துவிடுகிறது. கல்லாவிலிருந்து ஐம்பது வெள்ளி எடுத்து மடித்துக் கொடுக்கிறார். சம்மன் புத்தகம் மூடப்படுகிறது. மேசைகள் அங்கேயே இருக்கின்றன. கைத்தடி ஊன்றி வரும் ஒரு பாட்டி மட்டும் அஞ்சடியை விட்டிறங்கி, லாரி போகும் சாலையில் நடந்து போகிறார்.

இதற்கு நாட்டில் வழங்கும் பெயர் கோப்பிக் காசு. இது கற்பனைக் காட்சிதான். ஆனாலும் இந்த நாட்டில் கடை நடத்தும் யாருக்கும் இதற்குப் பொழிப்புரை தேவைப்படாது. இந்த ஐம்பது வெள்ளியில் எந்தெந்தச் சட்டங்கள் மீறப்பட்டன, இதைத் தடுக்க வேண்டிய கண்காணிப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் கேள்வி.

காரணம் சொல்ல வேண்டாத அதிகாரம்

ஜுரு, செபராங் பிறை மாநகர் மன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. 1976-இல் நகராண்மைக் கழகமாகத் தொடங்கி, 2019 செப்டம்பர் 16-ஆம் நாள் மாநகர் தகுதி பெற்ற மன்றம் அது. பினாங்குத் தீவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பரப்பை அது நிர்வகிக்கிறது. குப்பை எடுப்பது, கால்வாய் துப்புரவு செய்வது, கடைக்கு உரிமம் கொடுப்பது, வீட்டுக்குக் கூடுதல் அறை கட்ட அனுமதிப்பது, தொழிற்சாலைக்கு நில மேம்பாட்டு அனுமதி தருவது, மதிப்பீட்டு வரி வசூலிப்பது என எல்லாமே அதன் வேலை. கோலாலம்பூரில் இருக்கும் அமைச்சரைவிட, வாசலுக்கு வரும் ஊராட்சி அதிகாரிதான் சாதாரணக் குடும்பத்தின் அன்றாட வாழ்வை அதிகம் தொடுகிறார்.

இந்த அதிகாரத்தின் வேர் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. அது சட்டம் 171. அதன் 107-ஆவது பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். உரிமம் கொடுக்கும் மன்றம், எந்தக் காரணமும் சொல்லாமல், எந்த நேரத்திலும் அதைத் திரும்பப் பெறலாம் என்கிறது அந்தப் பிரிவு. அப்படித் திரும்பப் பெற்றால் இழப்பீடும் கிடையாது.

கோப்பிக் காசு எங்கே பிறக்கிறது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக் குறைவைச் சொல்வார்கள், பேராசையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டாத அதிகாரம் எங்கே இருக்கிறதோ, அங்கே அதற்கு ஒரு விலையும் தானாக ஏற்பட்டுவிடும். கடைக்காரர் ஐம்பது வெள்ளி கொடுத்தது சம்மனுக்குப் பயந்து மட்டுமல்ல. சம்மன் தொகையைக் கட்டிவிடலாம். அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பிக்கும்போது கோப்பு எந்த மேசையில் படுத்துக்கொள்ளும் என்பதுதான் அவருடைய பயம்.

காகிதத்தில் குறைவில்லை

ஊழியர்களுக்கு ஒழுங்கு விதிகளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1993-இல் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் வந்தன. ஊராட்சி மன்றங்களின் ஊழியர் விதிகளும் பொதுவாக அதே அச்சில் வார்க்கப்பட்டவைதான். சொந்த நலனுக்குப் பொதுக் கடமையைக் கீழ்ப்படுத்தக் கூடாது. பதவியைப் பயன்படுத்தி ஆதாயம் தேடக் கூடாது. அனுமதியின்றி வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது. சொத்து விவரங்களை அறிவிக்க வேண்டும். கடும் கடனில் மூழ்கக் கூடாது. வருமானத்துக்கு மீறிய ஆடம்பர வாழ்க்கை நடத்தினால் இலாகாத் தலைவர் விளக்கம் கேட்கலாம். அன்பளிப்புக்கும் அளவு உண்டு. 1998-ஆம் ஆண்டின் சேவைச் சுற்றறிக்கையின்படி, ஒரு மாத வருமானத்தில் கால்வாசி அல்லது 500 வெள்ளி, இவற்றில் எது குறைவோ அந்த அளவைத் தாண்டும் பொருளைப் பெற்றால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தண்டனையும் எச்சரிக்கையில் தொடங்கி அபராதம், சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம், வேலைநீக்கம் வரை போகிறது.

தீபாவளிக்கு முறுக்குப் பாத்திரம் கொடுப்பதும் குற்றமா என்று சிலர் கேட்பார்கள். முறுக்கு யாரையும் கெடுத்துவிடாது. முறுக்குக்கு அடியில் என்ன இருக்கிறது, எந்தக் கோப்பு நிலுவையில் இருக்கும்போது அது போகிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

ஒழுங்கு விதிகளுக்கு மேலே, 2009-ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருக்கிறது. ஊராட்சி மன்றம் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு பொது அமைப்பு. கையூட்டு என்பது ரொக்கப் பணம் மட்டும் அல்ல. கடன், தள்ளுபடி, வேலை வாய்ப்பு, கொடுக்க வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டுவிடுவது ஆகியவையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். தண்டனை 20 ஆண்டுகள் வரை சிறை. அபராதம், கையூட்டின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அது. ஐம்பது வெள்ளிக்கு ஐந்து மடங்கு என்றால் 250 வெள்ளிதான். ஆனால் சட்டம் 10,000-த்துக்குக் கீழே இறங்காது.

வாங்கியவருக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை என்று நம்மவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்த கடைக்காரருக்கும் அதே தண்டனைதான். இன்னொரு பிரிவும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 25-ஆவது பிரிவின்படி, லஞ்சம் கேட்கப்பட்டவர் முடிந்த அளவு விரைவில் ஆணையத்திடமோ போலீசிடமோ புகார் செய்தாக வேண்டும். தக்க காரணமின்றிச் செய்யாமல் இருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டும். லஞ்சம் கொடுக்க முன்வந்த ஒருவரைப் பற்றிப் புகார் செய்யாத அதிகாரிக்கு இதைவிடக் கடுமை: 100,000 வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை. "நமக்கு ஏன் வம்பு" என்று வாயை மூடிக்கொள்வதும் சட்டப்படி ஒரு குற்றம்தான்.

மச்சானும் மருமகனும்

இதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு கொஞ்சம் வேறு வகை. இதில் பணம் கை மாறியாக வேண்டும் என்ற அவசியமில்லை. ஓர் அதிகாரி, தனக்கோ தன் உறவினருக்கோ கூட்டாளிக்கோ தொடர்புள்ள விவகாரத்தில் முடிவெடுத்தால், பதவியை ஆதாயத்துக்காகப் பயன்படுத்தினார் என்று சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்டுவது அவருடைய பொறுப்பாகிவிடும்.

உறவினர் யார்? மனைவி அல்லது கணவர், உடன்பிறந்தவர்கள், வாழ்க்கைத் துணையின் உடன்பிறந்தவர்கள், இரு பக்கத்துப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாரின் பிள்ளைகள், பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள், மருமகன், மருமகள். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது தயாரிக்கும் பட்டியலுக்கு இது அதிகம் குறைந்ததல்ல. மச்சானுடைய கம்பெனிக்குப் புல் வெட்டும் குத்தகை கிடைத்தது, ஆனால் "ஒரு காசுகூட வாங்கவில்லை" என்று சொல்லி ஒருவர் தப்ப முடியாது.

மேலே போகப் போக

இதுவரை சொன்னவை ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. அமலாக்க அதிகாரி சம்பளம் வாங்குகிறார், சொத்தை அறிவிக்கிறார், மேலதிகாரி இருக்கிறார். 2013 முதல் அரசு அமைப்புகளில் நேர்மைப் பிரிவுகளும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. ஐம்பது வெள்ளி வாங்கியவரைப் பிடிக்க வழிகள் பல. சிக்கல், மன்ற உறுப்பினர்களின் படிக்கு வரும்போது தொடங்குகிறது.

ஒரு மன்றத்தில் தலைவர் அல்லது மேயரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. பினாங்கில் வழக்கமாக ஓராண்டுக்கு ஒரு முறை. சட்டம் 171, உறுப்பினருக்குச் சொத்து அறிவிக்கும் கடமையை விதிக்கவில்லை. ஆனால் அதன் 34-ஆவது பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. கூட்டத்தில் பேசப்படும் குத்தகையிலோ வேறு விவகாரத்திலோ ஓர் உறுப்பினருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பண நலன் இருந்தால், அதை அவர் கூட்டத்திலேயே வெளியிட வேண்டும். விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது, வாக்களிக்கவும் கூடாது.

நல்ல விதி. இதைச் சரிபார்ப்பது யார்? உறுப்பினர் தாமாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

கிள்ளானில் 2006-இல் நடந்ததை மலேசியர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினரும் கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினருமான டத்தோ சக்காரியா முகமட் டெரோஸ், நான்கு மாடி மாளிகை ஒன்றைக் கட்டட வரைபட அனுமதி பெறாமலேயே கட்டினார். அனுமதி வழங்க வேண்டிய அமைப்பு எது? அவரே உறுப்பினராக அமர்ந்திருந்த அதே கழகம். அவர் மட்டுமல்ல, மகனும் மருமகளும்கூட அந்தக் கழகத்தின் உறுப்பினர்கள். பத்திரிகைகளில் விவகாரம் வெடித்த பிறகு 24,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு கழக உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். சட்டமன்ற உறுப்பினர் பதவி அப்படியே இருந்தது. சமையலறையை நான்கடி நீட்டிக் கட்டியதற்காக இடிப்பு நோட்டீஸ் வாங்கிய தாமான்வாசிகள் அன்றைக்கு அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாளிகை இரவோடு இரவாக எழும்பிவிடவில்லை. மாடி மாடியாக, எல்லாரும் பார்க்க எழும்பியது. தினமும் அந்த வழியே போன அமலாக்க அதிகாரிகளிடம் சம்மன் புத்தகம் இருந்தது. தன் மேலதிகாரியின் மேசைக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்குச் சம்மன் எழுதுவது எப்படி என்பதைத்தான் எந்த விதிமுறையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் விலக்கு. ஆனால் குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி தலைகீழ். அவை மூடியே இருக்கும். குழுவே விரும்பினால்தான் திறக்கும். குத்தகையும் கட்டட அனுமதியும் அலசப்படுவது பெரும்பாலும் குழுக்களில்தான். முழுக் கூட்டத்துக்கு வந்து சேரும்போது அது சமைத்து முடித்த சாப்பாடு. அடுப்படியை யாரும் பார்க்க முடியாது.

வாக்காளர் என்ற கண்காணிப்பாளர்

இதற்கெல்லாம் மேலே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அவருடைய பெயர் வாக்காளர். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்ததே பினாங்கில்தான், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி முதல் தேதி ஜோர்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக வந்தவர் ஒரு தமிழர்: தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். முன்பு ஸ்காட் ரோடு என்று அழைக்கப்பட்ட சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் தினமும் கார் ஓட்டிப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

1965-இல், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் மீது நிர்வாக முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அதன் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. மற்ற சில ஊர்களின் மன்றங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தவறு செய்யமாட்டார்கள் என்று யாரும் வாதிட முடியாது என்பதற்கு இது சாட்சி.

அந்தக் கட்டத்தில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968-இல் அறிக்கையைக் கொடுத்தது. 1971-இல் அது வெளியிடப்பட்டது. முறைகேடுகளைக் கண்ணால் பார்த்த ஆணையம், தேர்தலே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைகளைத் திருத்தி, தேர்ந்தெடுக்கப்படும் முறையைத் தொடரவே பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிரந்தரமாக்கியது. பினாங்கு அரசு 2012-இல் ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆக, மதிப்பீட்டு வரி கட்டும் ஜுருவாசி, அந்த வரியைச் செலவு செய்பவரை வாக்குச்சீட்டால் கேள்வி கேட்க முடியாது. அவரை நியமித்த மாநில அரசைத்தான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கேட்கலாம். அப்போது பேச்சு வேறு பல விஷயங்களில் போய்விடும்.

நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாமே என்றால், அங்கும் ஒரு சுவர். 1993 டிசம்பர் 11-ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். இழப்பில் ஒரு பங்குக்கு அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகமும் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் கூறியது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பொறுப்பை நீக்கியது. வரைபடங்களைப் பரிசோதித்து அனுமதித்ததற்காக மன்றத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு, 1974-ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 95-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தச் சம்பவத்தில் லஞ்சம் இருந்தது என்பதல்ல இங்கே பேச்சு. வாக்காளரும் இல்லை, வழக்கும் கடினம் என்றால், மிச்சம் இருப்பது உள்ளுக்குள் நடக்கும் ஒழுங்கு விசாரணையும் ஊழல் தடுப்பு ஆணையமும் மட்டும்தான் என்பதைக் காட்டவே இது.

ஜுரு மக்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியும் அல்ல. 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் சுங்கை ஜுரு கெட்டு, கோலா ஜுரு மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அனுமதிக் கையெழுத்து போடுகிற மேசைக்கும் ஆற்றங்கரைக் குடிசைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதை அந்தக் கிராமம் அப்போதே பார்த்துவிட்டது.

மற்ற நாடுகளில் வேறு வழிகளையும் பார்த்திருக்கிறார்கள். கேரளத்தில் ஊராட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி நியமிக்கப்படுகிறார். தமிழ்நாடு 2014-இல் இதற்கெனவே சட்டம் இயற்றி, உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. மன்றத்துக்கு வெளியே இருந்து மன்றத்தை விசாரிக்கும் ஏற்பாடு. ஆனால் அதே தமிழ்நாட்டில் நகராட்சித் தேர்தல்கள் 2016-இலிருந்து 2022 வரை தள்ளிக்கொண்டே போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடுவர் இருந்தார், உறுப்பினர்கள் இல்லை!

ஜுருவாசியின் கையில் இருப்பது

பெரிய மாற்றங்கள் வரும்போது வரட்டும். இன்றைக்கு இருப்பவை என்ன? முழு மன்றக் கூட்டம் திறந்த கூட்டம். வரி கட்டுபவர் பார்வையாளராகப் போகலாம். ஊழல் எதிர்ப்புப் பேச்சுகளில் இதை யாரும் சொல்வதில்லை, போகிறவர்களும் குறைவு. பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டமும் இருக்கிறது. சிலாங்கூரும் பினாங்கும்தான் இதில் முன்னோடி மாநிலங்கள். ஒரு குத்தகை, ஓர் அனுமதி பற்றி எழுத்து மூலம் கேட்கலாம். அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்ட ஆவணங்கள் கிடைக்காது என்பது அதன் குறை.

இனி அந்தச் சாப்பாட்டுக் கடைக்கே திரும்புவோம். "மாச்சாம் மானா" என்று கேட்கப்படும்போது கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "சம்மனை எழுதுங்கள்" என்று சொல்லலாம். மேசை போட்டது தவறுதான். அதற்குச் சம்மன் தொகையைக் கட்டுவது, 10,000 வெள்ளி அபராதத்துக்குத் தலையைக் கொடுப்பதைவிட மலிவு. அதன் பிறகு நாள், நேரம், வாகன எண், சட்டையில் இருந்த பெயர், கேட்ட தொகை, கேட்ட சொற்கள், பக்கத்தில் இருந்தவர் யார் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் பாதி மறந்துவிடும். ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 1-800-88-6000.

கைத்தொலைபேசியில் படம் பிடித்து உடனே முகநூலில் போட்டுவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குப் பலருக்கும் முதலில் தோன்றும். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்தவரின் பெயரை ரகசியமாக வைக்கும், பழிவாங்கலிலிருந்து காக்கும். ஆனால் ஆணையம், போலீஸ் போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னவருக்கே அந்தக் காப்பு. முகநூலுக்கும் பத்திரிகைக்கும் மட்டும் போனவருக்கு அது கிடைக்காது. அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பிக்கும் நாளில், அந்தக் கடைக்காரர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் முகப்பிடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.